பதினோரு குதிரைகள்

ஒரு பொருள் கைக்குக் கிடைத்ததும் மனிதன் மனத்தில் எழுகிற முதல் கேள்வி, 'இது எதற்கு?' என்பது. இரண்டாவது கேள்வி, 'இதிலிருந்து இன்னும் எவ்வளவு கறக்கலாம்?' என்பது. முதல் கேள்வி பெரும்பாலும் பிள்ளைப் பருவத்தோடு போய்விடுகிறது. இரண்டாவது கேள்வி சாகும்வரை கூடவே வருகிறது. பசுவிடம் அதைக் கேட்கிறோம், நிலத்திடம் கேட்கிறோம், கூலிக்கு வந்தவனிடம் கேட்கிறோம், பெற்ற பிள்ளையிடமும் கேட்கிறோம்.

இந்தக் கேள்வி நியாயமானதுதானா, நியாயமென்றால் எந்த எல்லை வரைக்கும் நியாயம் என்று எண்ணிப் பார்க்க எனக்கு ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கிடைத்தது. பசுவை எடுத்துக்கொண்டால் இரக்கம் குறுக்கே வரும். பிள்ளையை எடுத்துக்கொண்டால் பாசம் குறுக்கே வரும். இரும்புக்கு வலியும் கிடையாது, கண்ணீரும் கிடையாது. ஆகவே அதனிடம் கேட்டால் கலப்படமில்லாத விடை கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

கொல்லிமலைக்குப் போயிருப்பவர்களுக்கு அந்தப் பாதையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. அடிவாரத்துக் காரவள்ளியில் ஏறினால் சோளக்காடு போய்ச் சேருவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை உண்டு. முப்பது, நாற்பது என்று எண்ணிக்கொண்டு வருகிற பிரயாணி ஐம்பதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வான். மலைமேல் மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும், அறப்பளீசுவரர் கோயிலும், ஆகாய கங்கையும் இருக்கின்றன. இப்போது விடுமுறை நாட்களில் அந்த வளைவுகளில் இன்னொன்றும் இருக்கிறது: பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் சத்தம்.

பழையது என்று நான் சொல்வது 1980-களில் வந்தவற்றை. அந்தப் பத்தாண்டில்தான் ஜப்பானியக் கம்பெனிகள் இந்தியக் கம்பெனிகளோடு கைகோத்து நம் தெருக்களுக்குள் நுழைந்தன. நம் ஓசூரிலேயே 1984-இல் இண்ட்-சுசுகி வெளிவந்தது. 1985-இல் ஹீரோ ஹோண்டா வந்தது. அதே ஆண்டின் இறுதியில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி மூலமாக யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. இவற்றுள் இளைஞர்கள் மனத்தில் குடியேறிச் சட்டமாக உட்கார்ந்துகொண்டது கடைசியாகச் சொன்னதுதான். புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகிக்கொண்டிருந்த காலத்தில், 1996-இல் அதன் உற்பத்தி நின்றது. வண்டி நின்றுபோன பிறகு பிறந்த பிள்ளைகள்தான் இன்று அதைத் தேடிப் பிடித்து, புது வண்டியின் விலை கொடுத்து வாங்கி, எழுபது வளைவுகளுக்கு ஓட்டி வருகிறார்கள்.

அதன் எஞ்சினின் கொள்ளளவு 98 சி.சி. அது தரும் ஆற்றல் 11 குதிரைத் திறன். அதுவும் எஞ்சின் அதிவேகமாகச் சுற்றும்போது. பதினோரு குதிரை என்றால் சாமான்யமா? நம் கோயில் தேருக்குக்கூட அத்தனை குதிரை பூட்டியதில்லை. ஆனால் வாங்கின மூன்றாம் மாதமே அந்த வாலிபனுக்குப் பன்னிரண்டாவது குதிரை தேவைப்படுகிறது. பட்டறையைத் தேடிப் போகிறான்.

சேந்தமங்கலம் பக்கத்தில் அப்படி ஒரு பட்டறையில் நான் கேட்ட பேச்சு இது.

"அண்ணா, வண்டிக்கு இன்னும் கொஞ்சம் பவர் ஏத்தணும். போர்ட்டு வேலை பண்ணிக் குடுங்கண்ணா."

"பண்ணலாம் தம்பி. எங்க வேணும்?"

"எங்கன்னா? எஞ்சின்லதானுங்க."

"எஞ்சின்ல மேலயா, கீழயான்னு கேக்கறேன். சேலம் ரோட்டுல நேராப் பறக்கறதுக்கா, இல்ல மலை ஏர்றதுக்கா? ரெண்டுக்கும் ஒரே பவர் கெடையாது."

"ரெண்டும் வேணுங்கண்ணா."

"ரெண்டும் வேணும்னா ரெண்டு வண்டி வாங்கு தம்பி."

பையன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீதி நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்லத் திணறுகிற ஒரு விஷயத்தை அந்த மெக்கானிக், கையிலிருந்த கரியைத் துணியில் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதன் உட்பொருளைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இயந்திரத்தில் பழக்கமில்லாத வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பத்தி, இரண்டு பத்தியோடு முடித்துவிடுகிறேன்.

இந்த வண்டியில் இருப்பது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். பிஸ்டன் மேலே போய்க் கீழே வருகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை பெட்ரோல் எரிகிறது. எரிந்த புகை வெளியேறுவதற்கும், புதிய கலவை உள்ளே வருவதற்கும் சிலிண்டரின் சுவரிலேயே துளைகள் இருக்கின்றன. அவைதான் போர்ட். ஒரு சுற்றில் எஞ்சின் செய்யும் வேலையைக் கூட்டுவது கடினம். ஆனால் நிமிடத்துக்கு அது சுற்றுகிற சுற்றுக்களைக் கூட்டினால் குதிரைத் திறன் கூடும். அதற்காகப் புகை போகும் துளையை அரத்தால் ராவி மேலே உயர்த்துகிறார்கள். துளை சீக்கிரம் திறக்கிறது. அதிவேகத்தில் எஞ்சின் தாராளமாக மூச்சு விடுகிறது. ஆனால் மெதுவாகச் சுற்றும்போது, எரிந்த வாயு பிஸ்டனை முழுக்கத் தள்ளி முடிப்பதற்குள் கதவு திறந்துகொள்கிறது. உழைப்பு பாதியில் வெளியேறிவிடுகிறது. மேலே ஏறிய குதிரை, கீழே இருந்த குதிரையைத் தின்றுவிட்டுத்தான் ஏறுகிறது.

இப்போது எழுபது வளைவுகளை நினைத்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஏறக்குறைய நின்று திரும்புகிறது. எஞ்சின் சுற்று மூவாயிரம், நாலாயிரத்துக்கு இறங்குகிறது. அங்கே வேண்டியது நம் ஊரில் 'இழுவை' என்று சொல்கிறோமே, அது. போர்ட் ராவிய வண்டிக்கு அந்த இடத்தில் இழுவை இல்லை. கிளட்சைப் பிடித்துப் பிடித்து எஞ்சினை அலற வைத்தால்தான் நகரும். மலை ஏறுவதற்காக வலிமை சேர்த்த வண்டி, சேர்த்த காரணத்தினாலேயே மலையில் தடுமாறுகிறது.

மலையும் தன் பங்குக்குக் கப்பம் வாங்குகிறது. சமவெளியிலிருந்து ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு குறைகிறது. காற்றுக் குறைந்தால் எஞ்சினின் ஆற்றலும் அந்த அளவுக்குக் குறைகிறது. பதினோரு குதிரைகளில் ஒன்றை மலை அவிழ்த்துக் கட்டிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றுக் குறைந்த இடத்தில் பெட்ரோல் மிகுதியாகிறது என்று கார்புரேட்டரின் ஜெட்டைச் சிறியதாக மாற்றுகிறவர்கள் உண்டு. மேலே அது சரி. ஆனால் அதே ஜெட்டோடு கீழே இறங்கி, அடர்ந்த காற்றில், உச்சி வெயிலில், சேலம் சாலையில் முறுக்கினால், பெட்ரோலும் அதோடு சேர்ந்து வரும் எண்ணெயும் போதாமல் எஞ்சின் கொதித்து, பிஸ்டன் சிலிண்டரோடு கவ்விக்கொள்ளும். ஓரிடத்துக்கென்று சீர் செய்யப்பட்டது இன்னோரிடத்தில் தன்னையே அழித்துக்கொள்கிறது.

இதையெல்லாம் சொல்வதால், 'இருப்பதைக் கொண்டு திருப்திப்படு' என்ற பழைய உபதேசத்துக்கு நான் வந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த உபதேசத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. இன்னும் கொஞ்சம் என்று மனிதன் கேட்டிராவிட்டால் மலைக்கு ரஸ்தாவே வந்திருக்காது. இந்த ஜப்பானிய எஞ்சினின் வமிசாவளியே அப்படிக் கேட்ட ஒருவரிடமிருந்து தொடங்குகிறது.

கிழக்கு ஜெர்மனியில், எம். இசட். என்ற தொழிற்சாலையில், வால்டர் காடன் என்று ஒரு பொறியாளர் இருந்தார். புகைக் குழாய் என்பது புகையை வெளியேற்றும் வெறும் குழாய்தான் என்று பலரும் எண்ணியிருந்த காலம். அதற்குள் ஓடுகிற அழுத்த அலையை அவர் கவனித்தார். குழாயை வயிறு பருத்து வால் சிறுத்த வடிவத்தில் செய்தால், அந்த அலை வாலில் மோதித் திரும்பி வந்து, புகையோடு தப்பி ஓடப் பார்க்கும் புதிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும் என்று கண்டு, அதைப் பக்குவப்படுத்தினார். 1961-இல் அவருடைய 125 சி.சி. பந்தய எஞ்சின் 25 குதிரைத் திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. பணமும் நல்ல உலோகமும் தட்டுப்பாடாக இருந்த ஒரு நாட்டில், சிந்தனை ஒன்றையே முதலாக வைத்து அவர் பெற்றது அது.

அந்த எஞ்சினை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். அந்த ஆண்டு உலகப் பட்டத்துக்கு அவர்தான் முன்னணியில் இருந்தார். ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழும்பியது. செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தோடு டெக்னர் ஊர் திரும்பாமல் மேற்கே போய்விட்டார். அவருடைய மனைவி மக்கள் ஒரு காரின் பின்பெட்டியில் ஒளிந்து எல்லையைக் கடந்தார்கள். காடனின் ரகசியங்கள் அவரோடு சுசுகி கம்பெனிக்குப் போயின. அடுத்த ஆண்டே, 1962-இல், சுசுகியின் 50 சி.சி. வண்டியில் டெக்னர் உலகப் பட்டம் வென்றார். காடனின் எம். இசட். கடைசிவரை ஓர் உலகப் பட்டமும் பெறவில்லை.

டெக்னர் செய்தது துரோகமா, விடுதலையா? அடைபட்ட நாட்டிலிருந்து பெண்டாட்டி பிள்ளைகளை மீட்கத் துடித்தவனைக் கல்லெறிய எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் நம்பி வேலை கற்றுக்கொடுத்த ஒருவரின் வாழ்நாள் உழைப்பு, அவர் கேட்காமலே விலைக்குப் போயிற்று என்பதையும் மறக்க முடியவில்லை. இங்கே நான் சுட்ட விரும்புவது வேறொன்று. காடனும் 'இன்னும் கொஞ்சம்' என்றுதான் கேட்டார். ஆனால் அவர் எஞ்சினிடம் கேட்பதற்கு முன் தம் அறிவிடம் கேட்டார். விலை என்ன என்று தெரிந்து கேட்டார். வேண்டியதைக் கடையில் வாங்கி மாட்டுகிறவன் அந்த இரண்டையும் தாண்டிக் குதித்துவிடுகிறான்.

இந்த வரலாற்றில் இன்னொரு பாடமும் ஒளிந்திருக்கிறது. காடனின் கணக்கில் பார்த்தால் 98 சி.சி. எஞ்சின் ஏறக்குறைய இருபது குதிரைத் திறன் தர வேண்டும். 1985-இல் அந்த வித்தை ஜப்பானியர்களுக்குத் தெரியாததல்ல. அது அவர்கள் கைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. பிறகு ஏன் பதினொன்றோடு நிறுத்தினார்கள்? பால்காரர் ஓட்டுவார், பள்ளிக்கூட வாத்தியார் ஓட்டுவார், பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையும் உட்காருவார்கள், பெட்ரோல் கலப்படமாக இருக்கும், சாலை குண்டும் குழியுமாக இருக்கும், எஞ்சினைப் பல ஆண்டு பிரிக்காமலே ஓட்டுவார்கள் என்றெல்லாம் எண்ணிப் பார்க்காமல் எந்தக் கம்பெனியும் அன்றாட வண்டியை வடிப்பதில்லை. ஆகவே பதினொன்று என்பது இயலாமையின் எண் அல்ல, ஆலோசனையின் எண். ஒரு பொருளின் எல்லையைப் பார்த்து 'இவ்வளவுதானா!' என்று உதடு பிதுக்குகிறோம். அந்த எல்லையை யாரோ ஒருவர் நமக்காக யோசித்து வைத்திருக்கக் கூடும் என்று நினைப்பதில்லை.

அதற்காகச் செய்தவர் வைத்த எல்லை வேதவாக்கு ஆகிவிடாது. அவர் கோடிப் பேருக்காக யோசித்தார், கொல்லிமலைக்காக யோசிக்கவில்லை. பல்சக்கரத்தில் ஒரு பல்லைக் கூட்டிக் குறைத்து மலைக்கேற்ப இழுவையை மாற்றிக்கொள்கிற மலைவாசி அறிவாளியே தவிர அபசாரம் செய்தவனல்ல. ஆனால் ஒன்று. எல்லையை நகர்த்துகிறவன், அந்த எல்லையை வைத்தவர் சுமந்த பொறுப்பையும் தன் தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்கு மூன்று குதிரை கூட்டினால் பிரேக்குக்கு என்ன கூட்டினாய் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டும். அந்த வண்டியில் முன்னும் பின்னும் டிரம் பிரேக்குகள்தான். இறக்கத்தில், டூ ஸ்ட்ரோக் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதும் குறைவு. ஏறும்போது கூட்டிய குதிரைகள் இறங்கும்போது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால், நாற்பதாவது வளைவில் பலாப்பழக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓரமாக நடந்து வருகிற கிழவிக்கு யார் பதில் சொல்வது?

வலி இரும்புக்கு இல்லை என்று தொடக்கத்தில் சொன்னேன். இரும்பிடம் நமக்குக் கடமையும் இல்லை. ஆனால் இரும்பின் வழியாக மனிதர்களிடம் இருக்கிறது. சைலன்சரின் உட்குழாயைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிறவனுக்கு அது சங்கீதம். மலைக் குடிசையில் பிரசவித்துப் படுத்திருப்பவளுக்கு அது இடி. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தயாரித்தவர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 52-ஆம் பிரிவில் சொல்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. சட்டம் இதைச் சொல்ல நேர்ந்ததே, நம்மில் பலர் அந்தக் கிழவியையும் அந்தப் பிள்ளைத்தாய்ச்சியையும் கணக்கில் சேர்க்காததனால்தான்.

இதற்கு நேர் எதிரான கட்சி ஒன்று உண்டு. பழைய வண்டியை வாங்கி, பழைய வர்ணமே பூசி, பழைய திருகாணியே தேடி முடுக்கி, தூசி படாமல் துணி போர்த்தி வைக்கிற கட்சி. அவர்கள் வண்டியிடம் எதுவுமே கேட்பதில்லை. அது மரியாதை என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ, ஓடப் பிறந்ததை ஓடவிடாமல் வைப்பதும் ஒரு வகை அவமரியாதையாகவே படுகிறது. அதிகம் கேட்பது ஒரு குற்றமென்றால், ஒன்றுமே கேட்காதது இன்னொன்று.

சேந்தமங்கலத்து மெக்கானிக் மூன்றாவது வழி ஒன்று வைத்திருந்தார். அரத்தை எடுப்பதற்கு முன் அவர் வண்டியைப் பிரித்துக் காட்டினார். முப்பது ஆண்டுக் கரி. புகைத் துளை பாதி அடைந்திருந்தது. சைலன்சரின் உட்குழாயில் தார் மாதிரி எண்ணெய்க் கசடு. காற்று வடிகட்டி மண்ணாகிக் கிடந்தது. கிராங்கின் ஓரத்து ரப்பர் சீல் காய்ந்து காற்று கசிந்தது. கலவையை உள்ளே விடும் ரீட் வால்வின் மெல்லிய தகடுகளில் ஒன்று ஓரம் சிதைந்திருந்தது. "இதுல இப்ப பதினொண்ணே இல்ல தம்பி. மொதல்ல இருந்ததக் குடுப்போம். அப்புறமும் பத்தலேன்னா வா" என்றார். பையன் முகம் சுருங்கியது. அவன் கேட்டது அற்புதம், கிடைத்தது சுத்தம். ஆனால் 'இன்னும் கொஞ்சம்' என்று நாம் கேட்பதில் முக்கால் பங்கு, இழந்ததை அறியாமல் கேட்பதுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது. இருந்த வலிமையைக் கரி மூடிக் கிடக்க, இல்லாத வலிமைக்கு அரம் தேடுகிறோம்.

இனி இரும்பை விட்டு மனிதனுக்கு வரலாம். கொல்லிமலையின் அடிவாரச் சீமை நாமக்கல். முட்டைக்கும் லாரிக்கும் பெயர் போன அந்தச் சீமை, விடுதிப் பள்ளிகளுக்கும் பெயர் போனது. பிள்ளைகளை மதிப்பெண் வாங்க வைப்பதற்காகத் தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பெற்றோர் அங்கே கொண்டுவந்து சேர்க்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஒரு மதிப்பெண்ணில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து மாறிவிடுகிற நாட்டில், தகப்பன் வேறென்ன செய்வான்? ஆனாலும் மெக்கானிக்கின் கேள்வி அங்கேயும் கேட்கிறது: எங்க வேணும்? மேலயா, கீழயா?

பரீட்சை என்கிற ஒரே ஒரு சுற்று வேகத்துக்காக ஒரு பையனைச் சீர் செய்துவிடலாம். அந்த வேகத்தில் அவன் பிரமாதமாக ஓடுவான். ஆனால் வாழ்க்கை நேர்ச்சாலை அல்ல. அது காரவள்ளியிலிருந்து சோளக்காடு போகிற பாதை. வேலை போகிற வளைவு, நம்பினவர் கைவிடுகிற வளைவு, அப்பனும் அம்மாவும் படுக்கையில் விழுகிற வளைவு என்று ஒவ்வொன்றிலும் வேகம் இறங்கி, ஏறக்குறைய நின்று, பிறகு ஏற வேண்டும். அந்த இடத்தில் கைகொடுப்பது உச்சத்தின் குதிரைத் திறன் அல்ல, அடியில் இருக்கிற இழுவை. விளையாட்டு, சும்மா உட்கார்ந்து வானத்தைப் பார்த்தல், பாட்டியிடம் கதை கேட்டல், தோற்றுப் பழகுதல் இவையெல்லாம் இழுவையைத் தருகிற சங்கதிகள். மதிப்பெண்ணுக்காக நாம் முதலில் ராவி எறிவது இவற்றைத்தான்.

பிள்ளையிடம் அதிகம் கேட்கவே கூடாதா என்றால், கேட்கலாம். ஆனால் மெக்கானிக்கின் வரிசையில் கேட்க வேண்டும். முதலில் அவனிடம் இருப்பதை மூடியிருக்கிற கரி என்ன என்று பார்க்க வேண்டும். அது பயமாக இருக்கலாம், தூக்கமின்மையாக இருக்கலாம், வீட்டுச் சண்டையாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகும் கேட்பதாக இருந்தால், எந்தப் பாதைக்காகக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்க வேண்டும். கூடுதல் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்று பார்த்துக் கேட்க வேண்டும். எடுத்ததன் விளைவை அவன் மட்டும் சுமக்கும்படி விட்டுவிடாமல், கேட்டவரும் தோள் கொடுக்க வேண்டும்.

இந்த மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்தவன் என்று சங்கப் பாடல் அவன் வில்லாற்றலைச் சொல்கிறது. அவன் ஏறிய குதிரைக்கும் ஓரி என்றே பெயர். ஏறுகிறவனுக்கும் ஊர்திக்கும் ஒரே பெயர் வைத்த காலம் அது. ஒன்றின் அளவை மற்றொன்று அறிந்திருந்த காலம் போலும். ஆனாலும் அந்த வில் அவனைக் காக்கவில்லை. மலையமான் திருமுடிக்காரியிடம் அவன் போரில் மாண்டான். மலை சேரன் கைக்குப் போயிற்று. வில் போய், குதிரை போய், மலையும் போன பிறகு, கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்ற பெயர்தான் அவனுக்கு மிஞ்சியது. இன்றும் ஆடி மாதத்தில் அவன் பெயரால் அந்த மலைமேல் விழா நடக்கிறது. எவ்வளவு வலிமை இருந்தது என்பதைவிட, இருந்த வலிமை யாருக்கு உதவியது என்பதைத்தான் மலை நினைவில் வைத்துக்கொள்கிறது.

பன்னிரண்டாவது குதிரை வேண்டுமா என்று யாராவது இனி என்னைக் கேட்டால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதலில் பதினொன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கச் சொல்வேன். பிறகு, அந்தக் குதிரையில் ஏறி எங்கே போகப் போகிறீர்கள், வழியில் யார் நடந்து வருகிறார்கள் என்று கேட்பேன்.